உங்களுக்குத் தெரியுமா? மலையேறும் பைக்குள் மல்டிடூல் வேண்டுமா?

டிசம்பர் பிறந்தால் கொச்சிக்காரர்களுக்கு மலை ஆசை பிடித்துவிடும். மீசைப்புலிமலை, அகஸ்தியர்கூடம், பெரியாறு என்று மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பக்கத்து நண்பர் கூட்டங்கள் பை கட்டத் தொடங்கும். மழைக்கோட்டும் டார்ச்சும் சண்டையில்லாமல் உள்ளே போய்விடும். வாக்குவாதம் வருவது ஒரு பொருளில்தான். கத்தி, கத்திரி, ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாம் ஒன்றாக மடங்கி உட்கார்ந்திருக்கும் மல்டிடூலை எடுப்பதா, விடுவதா? முடிவெடுக்க உதவும் துணுக்குகள் இதோ.

காட்டுக்குள் கத்தியும் ஆயுதம்தான்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ எது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. துப்பாக்கி, வெடிமருந்து, வில் அம்பு, விஷம், கண்ணி, பொறி ஆகியவற்றோடு கத்தி, கொக்கி, வலையும் அதில் அடக்கம். இத்தனை அங்குலத்துக்குள் இருந்தால் பரவாயில்லை என்ற சலுகை அந்த விளக்கத்தில் கிடையாது. எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது 31ஆம் பிரிவு. தேசியப் பூங்காக்களுக்கும் இதே விதிதான். அகஸ்தியர்கூடத்துக்குப் போகும் பாதை பேப்பாறை சரணாலயத்தின் வழியாகச் செல்கிறது. பெரியாறும் பாதுகாக்கப்பட்ட காடுதான். “ஆப்பிள் நறுக்கத்தான் சார்” என்று செக்போஸ்ட்டில் கெஞ்சுவதைவிட, நடைக்குப் பதிவு செய்யும்போதே வனத்துறையிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஒன்பது அங்குலக் கணக்கு வேறு

“ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்த கத்திக்கு லைசென்ஸ் வேண்டாமே” என்று சிலர் வாதாடுவார்கள். அது ஆயுதச் சட்ட விதிகளில் வரும் கணக்கு. 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகுகளைப் பற்றி அது பேசுகிறது. சமையல், விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கான கத்திகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. ஆனால் ஊருக்குள் செல்லுபடியாகும் இந்த வாதம் சரணாலய வாசலில் எடுபடாது. அங்கே பேசுவது வேறொரு சட்டம்.

நெடும்பாசேரியில் எது எங்கே?

மல்டிடூலைக் கைப்பையில் வைத்து விமானம் ஏற முடியாது. லக்கேஜில் போடும் பைக்குள்தான் அது போக வேண்டும். பவர் பேங்குக்கு விதி நேர்மாறு. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் உடனே தெரிய வேண்டும் என்பதால் அதைக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும். முகாம் அடுப்புக்கான கேஸ் குப்பிக்கும் லைட்டருக்கும் இரண்டு பைகளிலும் இடமில்லை. மட்டாஞ்சேரியிலிருந்து நெடும்பாசேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சோதனை மேசையில் கத்தி மாட்டிக்கொண்டால் வீட்டுக்கு ஓடிப்போய் வைத்துவிட்டு வர முடியாது. குப்பைத்தொட்டிக்குத் தாரை வார்க்க வேண்டியதுதான்.

தேங்காய்க்கும் தடை உண்டு

கைப்பையில் தேங்காய் கொண்டுபோகவும் விமானப் பாதுகாப்பு விதியில் தடை உண்டு. எண்ணெய்ச் சத்து நிறைந்த கொப்பரை, தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்குகளின் பட்டியலில் இருக்கிறது. சபரிமலைப் பக்தர்கள் இதனால் இருமுடியை லக்கேஜில் போட வேண்டியிருந்தது. 2024 மண்டல, மகரவிளக்குக் காலத்துக்காக இந்தத் தடை தளர்த்தப்பட்டது. சோதனைக்குப் பிறகு நெய்த்தேங்காயோடு இருமுடியைக் கையிலேயே கொண்டுபோகலாம் என்று 2025 ஜனவரி 20 வரை அனுமதி கிடைத்தது.

இருமுடியே ஒரு பாடம்

நம்மவர்களின் பழைய நெடுநடை சபரிமலைப் பெருவழி. எருமேலியில் தொடங்கி அழுதை, கரிமலை தாண்டிப் பம்பைக்கு இறங்கும் 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டுப் பாதை அது. தலைச்சுமையில் ஒரு முடி பூஜைக்கு, மறு முடி வழிச்சோற்றுக்கு. அதற்கு மேல் இடமில்லை என்பதுதான் அதன் அழகு. அந்தச் சுமைக்குள்ளும் 2024இல் கத்திரி விழுந்தது. கற்பூரம், ஊதுவத்தி, பன்னீர் வேண்டாம் என்று திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு பக்தர்களைக் கேட்டுக்கொண்டது. பயன்படாமல் அவை குப்பையாகச் சேருகின்றன, கற்பூரத்தால் தீ அபாயமும் உண்டு என்பதே காரணம். சாமிக்கே எடை குறைத்தாயிற்று. ஸ்குரூ டிரைவரைப் பற்றி நாமும் யோசிக்கலாம்.

துப்பாக்கிக்காகப் பிறந்த கத்தி

சுவிஸ் ராணுவக் கத்தி மலையேறுபவர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. 1889 மாதிரி ராணுவத் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட ஸ்குரூ டிரைவர் தேவைப்பட்டது. டப்பா உணவும் அப்போது பழக்கத்துக்கு வந்திருந்தது. அதனால் அலகு, டப்பா திறப்பான், ஸ்குரூ டிரைவர், துளையூசி என்று நான்கே உறுப்புகளோடு அந்தக் கத்தி வந்தது. ஈபாக் ஊரைச் சேர்ந்த கார்ல் எல்செனர் 1891இல் ராணுவத்துக்கு அதைக் கொடுக்கத் தொடங்கினார். கார்க் திருகியோடு வரும் ‘ஆபீசர்’ கத்தி 1897இல்தான் பதிவானது. நம் பையில் துப்பாக்கி இல்லை, ஒயின் புட்டியும் இல்லை. டப்பாக்களிலும் இப்போது பெரும்பாலும் இழுத்துத் திறக்கும் வளையம் இருக்கிறது.

இது ஃபியட் கார்க்காரர் கண்டுபிடிப்பு

கட்டிங் பிளேயர் நடுவில் இருக்கும் இன்றைய மல்டிடூலின் கதை 1975இல் தொடங்குகிறது. அமெரிக்கரான டிம் லெதர்மேன், மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது. தங்கிய ஓட்டல்களில் குழாய் ஒழுகியது. சட்டைப்பையில் இருந்த மடக்குக்கத்தியில் ஒரு பிளேயரும் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தோன்றியது. ஊர் திரும்பி மாதிரி செய்வதற்கே ஆண்டுகள் பிடித்தன. முதல் கருவி விற்பனைக்கு வந்தது 1983இல். காருக்கும் குழாய்க்கும் பிறந்த கருவி அது. முதுகில் காரைச் சுமக்காதவர்களுக்கு எவ்வளவு தேவை என்பதுதான் கேள்வி.

எடைக் கணக்கு

லெதர்மேன் வேவ் பிளஸ் 241 கிராம். அதே நிறுவனத்தின் ஸ்கெலிட்டூல் 142 கிராம். சுவிஸ் கத்தி நிறுவனமான விக்டோரினாக்ஸின் சின்ன ‘கிளாசிக் எஸ்டி’ ஏறத்தாழ 21 கிராம்தான். மடக்கினால் 58 மில்லிமீட்டர். அதற்குள் சின்ன அலகு, கத்திரி, அரம், ட்வீசர், பல்குச்சி எல்லாம் இருக்கும். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் 220 கிராம். அந்த எடைக்குக் கிட்டத்தட்ட ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோகலாம். 15 கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 20,000 அடி வைக்கிறோம். ஒவ்வொரு அடிக்கும் அந்த 220 கிராம் கூடவே ஏறி இறங்கும்.

ரோமானியரும் மடக்கினார்கள்

கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ரோமானியர் காலத்து மடக்குக் கருவி ஒன்று உள்ளது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படும் அந்த வெள்ளிக் கருவியில் கரண்டி, முள்கரண்டி, கூர்முனை, தட்டைக் குச்சி, இரும்புக் கத்தி எல்லாம் உண்டு. முழுக்க முழுக்கச் சாப்பாட்டு மேசைக்கான ஏற்பாடு. யாரோ பணக்காரப் பயணியுடையதாக இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

விண்வெளிக்கும் போனது

1995 நவம்பரில் அட்லாண்டிஸ் விண்கலம் ரஷ்யாவின் மிர் நிலையத்தோடு இணைந்தது. உள்ளே நுழையும் கதவோ பட்டைகளாலும் டேப்பாலும் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் எடுத்தது ஒரு சுவிஸ் கத்தியை. அதை வைத்துத்தான் வழி திறந்தார்.

ரஹ்மான் இசையமைத்த மல்டிடூல் கதை

2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பள்ளத்தாக்கு ஒன்றில் தனியாக நடந்த ஆரோன் ரால்ஸ்டனின் வலது கை பாறையில் சிக்கியது. ஐந்து நாள் கழித்து, தன் மல்டிடூலாலேயே முன்கையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். டார்ச் வாங்கினால் இலவசமாகத் தரும் ரகக் கருவி என்று அதைப் பின்னால் அவரே வர்ணித்தார். மழுங்கிய அலகால் எலும்பை அறுக்க முடியவில்லை. எலும்பை முதலில் முறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதைத்தான் டேனி பாய்ல் ‘127 ஹவர்ஸ்’ என்று 2010இல் படமாக்கினார். இசை நம் ஏ.ஆர். ரஹ்மான். பின்னணி இசைக்கும் பாடலுக்கும் ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. படத்தைப் பார்த்துவிட்டு நல்ல கத்தி வாங்கக் கிளம்புபவர்கள் உண்டு. ஆனால் ரால்ஸ்டன் எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைத்திருந்தால் தேடுவோருக்கு இடம் தெரிந்திருக்கும். அதற்கு எடையே கிடையாது.

பட்டை உரித்தவர்கள் வழிகாட்டிகள்

பெரியாறு புலிகள் காப்பகத்தில் ‘டைகர் ட்ரெயில்’ என்ற நடை உண்டு. காட்டிலேயே இரவு தங்கும் திட்டம். கூட்டிப்போகிற வழிகாட்டிகளில் பலர், ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக வயணா மரத்தின் பட்டையை உரித்து விற்றவர்கள். இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த அந்த மரம் மசாலாச் சந்தையில் விலைபோகும். வனத்துறை அவர்களை அழைத்துப் பேசிக் குழு அமைத்து, காட்டைக் காக்கும் வேலையையே கொடுத்தது. துப்பாக்கி ஏந்திய வனக்காவலரும் கூட வருவார். சமையலைக் குழுவே பார்த்துக்கொள்ளும். வெட்ட, அறுக்க, கட்ட என்ன வேண்டுமோ அது தெரிந்தவர் கையில் இருக்கும்போது, நம் பையில் இன்னொன்று எதற்கு?

அடுப்பில்லாத நடைக்குப் பிளேயர் ஏன்?

வெளிநாட்டு நடைப்பயணிகள் மல்டிடூலுக்குச் சொல்லும் முக்கியக் காரணம் அடுப்பு. பெட்ரோல் அடுப்பின் குழல் அடைத்துக்கொண்டால் கழற்றப் பிளேயர் வேண்டும், சூடான பாத்திரத்தையும் அதாலேயே பிடித்து இறக்கலாம். நம் காட்டில் நடப்பவர் தீ மூட்டக் கூடாது. அதன் காரணத்தை மறக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே தமிழ்நாடு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது.

அட்டையை அறுக்காதீர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை ஓய்ந்த பின்னும் அட்டை விடாது. காலில் ஒட்டியதைக் கண்டதும் கத்தியை எடுப்பவர்கள் உண்டு. வேண்டாம். மெலிந்த முனைதான் வாய்ப்பக்கம். அதன் ஓரத்தில் தோலோடு ஒட்டி நகத்தை நுழைத்துத் தள்ளினால் பிடி விட்டுவிடும். பிறகு மறுமுனையையும் அப்படியே எடுத்துவிடலாம். உப்பு, நெருப்பு வைத்தால் அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும். பயப்பட வேண்டியதில்லை, அழுத்தித் துணி கட்டினால் போதும்.

உண்ணிக்கு ட்வீசர்

உண்ணி விஷயத்தில் நகம் போதாது. கியாசனூர் காட்டுக் காய்ச்சலைப் பரப்புவது அதுதான். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்த நோய், வயநாட்டிலும் உயிர்களைப் பறித்திருக்கிறது. தோலை ஒட்டி உண்ணியின் தலைப்பக்கத்தை ட்வீசரால் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுக்க வேண்டும். வயிற்றைப் பிடித்து நசுக்கக் கூடாது. மல்டிடூலின் ஒரே ஒரு உறுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மலைநாட்டுக்கு ட்வீசரைத்தான் சொல்ல வேண்டும். தனியாக வாங்கினாலும் சில கிராம்தான்.

பஜார் ரோடு தரும் கருவி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் அரிசி, மிளகு, சுக்குக் கிடங்குகளில் மூட்டை தைக்கும் கோணி ஊசியைப் பாருங்கள். விரல் நீளத்துக்கும் மேல். நுனி லேசாக வளைந்து தட்டையாக இருக்கும். சணல் நூல் தாராளமாக நுழையும் அளவுக்குக் காது பெரியது. ரக்சாக்கின் தோள்வார் பிய்ந்தால் தையல் ஊசி அதன் தடித்த துணியில் வளைந்துவிடும். கோணி ஊசி சலிக்காமல் ஏறும். கூடவே இரண்டு மூன்று முழம் தூண்டில் நரம்பு. நூல் மழையில் ஊறி இற்றுப்போகும், நைலான் நரம்பு இற்றுப்போகாது. பிய்ந்து தொங்கும் தோள்வாருக்குப் பெரும்பாலான மல்டிடூல்கள் செய்ய முடியாத வேலை இது. ஊசி நுனியில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி வையுங்கள். இல்லாவிட்டால் பைக்குள் கை விடும்போது தெரியும்.

தாலிச்சரட்டின் ஊக்கு

நம் அம்மாக்களின் தாலிச்சரட்டில் எப்போதும் இரண்டு ஊக்கு தொங்கும். காலில் தைத்த முள்ளை எடுக்க, அறுந்த செருப்பு வாரைப் பிடிக்க, பாவாடை நாடாவைக் கோக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான வால்டர் ஹன்ட். 15 டாலர் கடனை அடைக்க வழி தேடி, ஒரு துண்டுக் கம்பியை வளைத்துப் பார்த்தபோது பிறந்தது என்பார்கள். 1849இல் காப்புரிமை வாங்கி 400 டாலருக்கு விற்றுவிட்டார். ஈரச் சாக்ஸைப் பையின் மேல் குத்திக் காயவைத்தபடியே நடக்கலாம். ஜிப் போனாலும் ஊக்குதான் துணை.

வண்ணார் கயிறு

ஃபோர்ட் கொச்சி வேளிப் பகுதியில் தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் ராணுவ உடுப்பு வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ் வண்ணார்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். கொடியில் கிளிப் தேடாதீர்கள். இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்கின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுவது வெளுப்பவர்களின் வழி. காற்றடித்தாலும் துணி அசையாது. முகாமில் மெல்லிய நைலான் கயிற்றை இரட்டையாக முறுக்கிக் கட்டினால் இதே வித்தை பலிக்கும்.

ஒரு தாய் எழுதிய கடிதம்

டக்ட் டேப் 1943இல் ஒரு கடிதத்தால் வந்தது. வெடிமருந்துப் பெட்டிகளை ஒட்டிய காகித நாடா கிழிந்து, போர் வீரர்கள் அவசரத்தில் திணறுவார்களே என்று வெஸ்டா ஸ்டவுட் என்ற தொழிற்சாலைப் பெண் கவலைப்பட்டார். அவருடைய மகன்கள் கடற்படையில் இருந்தார்கள். நேராக அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே எழுதினார். தண்ணீர் புகாத துணி நாடா அப்படித்தான் பிறந்தது. முழு உருளை சுமக்க வேண்டாம். தண்ணீர் பாட்டிலைச் சுற்றி நாலைந்து சுற்று சுற்றி வைத்தால் போதும்.

பீரோவில் இருந்த ஷூ

ஷூ நடக்க நடக்கத்தான் தேயும் என்று நினைக்கிறோம். அடிப்பகுதியில் உள்ள பாலியூரித்தேன் நுரை, சும்மா இருந்தாலும் காற்றின் ஈரத்தால் சிதையும். வேதியியலில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். கொச்சி மாதிரி ஈரம் சொட்டும் ஊரில் நாலைந்து வருஷம் பெட்டியில் தூங்கிய ஷூ, பார்க்கப் புதிதாக இருக்கும். மலையில் முதல் நாளே அடி கழன்று தொங்கும். பிளேயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? டேப்பைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் அதைப் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் நடந்து பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் உறையும்

‘ஸ்டெயின்லெஸ்’ என்பதால் துருவே பிடிக்காது என்று நம்ப வேண்டாம். எஃகின் மேல் குரோமியம் போடும் மெல்லிய படலத்தை உப்புக்காற்றின் குளோரைடு துளைத்துவிடும். காயல் ஓரத்து வீடுகளில் மடக்குக் கருவிகளின் கீல்தான் முதலில் பழுப்பேறும். வீட்டில் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெயை விட்டால், மட்டாஞ்சேரியில் கத்தி வழுக்கிக்கொண்டு திறக்கும். மூணாறு குளிரில் இறுகிவிடும், ஏனென்றால் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும்.

பூட்டில்லாத அலகு

சின்ன சுவிஸ் கத்திகளில் அலகைப் பிடித்து நிறுத்துவது வெறும் ஸ்பிரிங்தான், பூட்டு கிடையாது. நறுக்கலாம், சீவலாம். நுனியால் குத்தவோ துளைக்கவோ கூடாது. எதிர்ப்பக்கம் அழுத்தம் வந்தால் அலகு மடங்கி நம் விரலின் மேலேயே விழும். டாக்டர் இல்லாத இடத்தில் அது பெரிய காயம்.

துரும்புக்கும் இடம் உண்டு

சுவிஸ் கத்திப் பிடியில் செருகியிருக்கும் பல்குச்சியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நம் ஊரில் சொல்லிவைத்தது இதற்கும் பொருந்தும். ஃபோனின் கேபிள் துளையில் புகுந்த மண்ணை உலோக முனையால் கிளறாமல் எடுக்க அந்த பிளாஸ்டிக் குச்சி உதவும்.

சரி, எடுப்பதா வேண்டாமா?

ஒரு தாளை இரண்டாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் பையில் உடையக்கூடிய பொருள் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். நடைக்கோல், தோள்வார், ஷூ, ஹெட்லைட், கண்ணாடி. வலப்பக்கம் அதைச் சரிசெய்ய என்ன வேண்டும் என்று எழுதுங்கள். நடைக்கோலின் திருகை விரலாலேயே இறுக்கலாம். தோள்வாருக்கு ஊசி, ஷூவுக்கு டேப். மூக்குக்கண்ணாடி போடுபவருக்கு மட்டும் குட்டி ஸ்குரூ டிரைவர் வேண்டியிருக்கும். கேரள, தமிழ்நாட்டு வழிகாட்டி நடைகளில் வலப்பக்கத்தில் ‘பிளேயர்’ என்ற சொல் பெரும்பாலும் வராது. ட்வீசர், சின்னக் கத்திரி, கோணி ஊசி, நரம்பு, டேப், நாலு ஊக்கு என்று ஒரு சோப்பு டப்பாவுக்குள் எல்லாம் அடங்கிவிடும். கத்திரியும் ஊசியும் விமானத்தில் லக்கேஜுக்கு, சரணாலயத்தில் கேட்டுவிட்டு.

இமயமலையில் வாரக்கணக்கில் சொந்த அடுப்போடு நடப்பவர், பல நாள் சைக்கிள் ஓட்டுபவர் ஆகியோருக்குக் கணக்கு மாறும். அவர்கள் தாளில் பிளேயர் கட்டாயம் வரும். அப்போதும் குழுவுக்கு ஒன்று போதும், ஆளுக்கு ஒன்று வேண்டாம். யார் பையில் இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.